இரண்டாவது சர்வர் எப்போது கைகொடுக்கும்?

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. காலை 11:40 மணிக்கு தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. மறுநாள் மாதாந்திர ஒப்பந்தங்கள் முடியும் நாள். கையில் நிலுவை வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். பிற்பகல் 3:45க்குத்தான் சந்தை மீண்டும் திறந்தது. அன்று மட்டும் மாலை 5 மணி வரை நடந்தது. மும்பையில் முதன்மைத் தளம், அதற்கு அருகிலேயே இன்னொரு தளம், தொலைவில் சென்னையில் பேரிடர் மீட்புத் தளம் என்று மூன்று இடங்களில் ஏற்பாடு செய்து வைத்திருந்த நிறுவனம் அது. முதன்மைத் தளத்துக்கும் அருகமைத் தளத்துக்கும் இடையே இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் ஓடின. சாலையில் நடந்த தோண்டும் வேலைகளால் இரு நிறுவனங்களின் இணைப்புகளுமே தடுமாறின. அந்தத் தடுமாற்றத்தில் ஸ்டோரேஜ் அமைப்பு சர்வர்களுக்கு எட்டாமல் போனது. இடர் கண்காணிப்பு அமைப்பு முடங்கியது. அது இல்லாமல் வர்த்தகம் நடத்தக் கூடாது என்பதால் சந்தையையே நிறுத்தினார்கள். சென்னைக்கு ஏன் மாறவில்லை என்று பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி விளக்கம் கேட்டது.

வலைத்தளத்துக்கோ டேட்டாபேஸுக்கோ கிளஸ்டர், அதாவது ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் சர்வர்களின் கூட்டம், அமைக்க உட்காரும் யாரும் படிக்க வேண்டிய நிகழ்வு இது. எத்தனை சர்வர், எவ்வளவு மெமரி, எந்த கிளவுட் என்றுதான் வழக்கமாகப் பேச்சு தொடங்குகிறது. என் பார்வையில் அவையெல்லாம் பின்னால் வர வேண்டியவை. ஒரு சர்வர் விழுந்துவிட்டது என்று யார் சொல்வது, எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்வது, சொன்ன பிறகு மாற்றம் உண்மையிலேயே நடக்கும் என்று எப்படி நம்புவது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாத கிளஸ்டரில் சர்வர் எண்ணிக்கை கூடக்கூட, பழுதாகக்கூடிய பொருட்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சர்வர் 99 சதவீத நேரம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அப்படியானால் 99.99 சதவீதம் கிடைத்துவிடும், ஆண்டுக்கு வெறும் 53 நிமிடம்தான் தடங்கல் என்று விற்பனையாளர் சொல்வார். இந்தக் கணக்கில் சொல்லாமல் விட்ட அனுமானங்கள் இரண்டு. ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பே கிடையாது என்பது முதலாவது. மாற்றம், அதாவது ஃபெயில்ஓவர், ஒவ்வொரு முறையும் பிசகாமல் நடக்கும் என்பது இரண்டாவது. பத்தில் ஒரு முறை ஃபெயில்ஓவர் சொதப்பும் என்று மாற்றிப் போட்டால் 99.99 என்பது 99.89 ஆகிவிடும், 53 நிமிடம் ஒன்பதரை மணி நேரமாகிவிடும். இரண்டாவது சர்வருக்கு மூன்றாவது, நான்காவது சேர்த்தாலும் இந்த எண் பெரிதாக நகராது. மாற்றத்தின் நம்பகத்தன்மையைக் கூட்டினால் மட்டுமே நகரும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் இல்லை. வங்கிகளுக்காகவும் சந்தைகளுக்காகவும் நிற்காத கணினிகளைச் செய்த டேண்டம் நிறுவனம் 1976இல் தன் முதல் இயந்திரத்தை அனுப்பியது. செயலி, டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் இரட்டை. அங்கே பணியாற்றிய ஜிம் கிரே 1985இல், கணினிகள் ஏன் நிற்கின்றன என்று வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பழுது அறிக்கைகளை அலசி ஓர் ஆய்வு வெளியிட்டார். வன்பொருளின் பங்கு 18 சதவீதம். மென்பொருள் 25. இயக்குதல், பராமரிப்பு, அமைப்பை மாற்றுதல் போன்ற நிர்வாக வேலைகள் 42. வன்பொருளை இரட்டிப்பதில் அவர்கள் வென்றுவிட்டார்கள். வென்ற பிறகு எஞ்சி நின்றது மனிதரும் மென்பொருளும். நாற்பது ஆண்டுகளாக நாம் படிக்கும் பழுது அறிக்கைகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன.

வலைத்தளத்தின் முன்வாசல் பகுதி ஒப்பீட்டளவில் எளிது. வெப் சர்வர் தன்னிடம் எதையும் சேமித்து வைக்காமல் இருந்தால் போதும், எது விழுந்தாலும் அடுத்தது வேலையைத் தொடரும். லாக்இன் விவரம், ஷாப்பிங் கார்ட், ஏற்றிய படங்கள் இவற்றையெல்லாம் சர்வரின் டிஸ்க்கிலிருந்து வெளியே எடுத்து, பொதுவான இடத்தில் வைப்பதுதான் இங்கே உள்ள பெரிய வேலை. முன்னால் எச்ஏபிராக்ஸி போன்ற லோட் பேலன்சர் இரண்டு. அவற்றுக்கிடையே கீப்அலைவ்டு மூலம் கைமாறும் ஒரே ஐபி முகவரி. எச்ஏபிராக்ஸி இயல்பாக இரண்டு நொடிக்கு ஒருமுறை சர்வரைத் தொட்டுப் பார்க்கும். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் வரிசையிலிருந்து நீக்கிவிடும். ஆக ஆறு நொடி அளவில் விவகாரம் முடிந்துவிடும்.

ஆனால் எதைத் தொட்டுப் பார்ப்பது என்பதில் கவனம் தேவை. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், உள்ளே பிழை கக்கிக்கொண்டிருக்கும் சர்வரும் நலமாகத் தெரியும். சரி, டேட்டாபேஸ் வரை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று சோதனையை ஆழமாக்கினால் வேறு ஆபத்து. டேட்டாபேஸ் சற்றே மெதுவானதும் எல்லா வெப் சர்வர்களும் ஒரே நேரத்தில் தேர்வில் தோற்கும். லோட் பேலன்சர் அத்தனையையும் நீக்கிவிடும். மெதுவாக ஓடிய தளம் முழுவதுமாக இருண்டுவிடும். ஒவ்வொரு சர்வரும் தனக்கு மட்டுமே உரிய பழுதைச் சொல்லும்படியாகச் சோதனையை எழுத வேண்டும். எல்லோருக்கும் பொதுவான பழுதை மானிட்டரிங் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, சுமை. இரண்டு சர்வர்களும் 70 சதவீதச் சுமையில் ஓடினால் அது இரட்டைப் பாதுகாப்பு ஆகாது. ஒன்று விழும் கணத்தில் மற்றதன் தலையில் 140 சதவீதம் இறங்கும், அதுவும் விழும். பதில் கிடைக்காத பயனர்கள் மறுபடி மறுபடி அழுத்துவதால் சுமை இன்னும் ஏறும். டேட்டாபேஸில் இது இன்னும் கடுமை. புதிதாகப் பொறுப்பேற்கும் சர்வரின் நினைவகத்தில் தேவையான பக்கங்கள் ஏறியிருக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் டிஸ்க்குக்குப் போய் வரும். கிட்ஹப் நிறுவனத்தில் 2012 செப்டம்பரில் இதுதான் நடந்தது. சுமையில் திணறிய பிரதான மைஎஸ்கியூஎல் சர்வர் நலச் சோதனையில் தோற்றது. தானியங்கி அமைப்பு மாற்றுச் சர்வரைப் பதவியேற்றியது. கேஷ் நிரம்பாத அதுவும் திணறித் தோற்றது.

டேட்டாபேஸ் பக்கம் வந்ததும் கேள்வியின் தன்மையே மாறிவிடுகிறது. வெப் சர்வரை மாற்றினால் போவது சில நொடிகள். டேட்டாபேஸைத் தவறாக மாற்றினால் போவது தரவு. பிரதான சர்வரில் எழுதியது துணைச் சர்வருக்கு எப்போது போய்ச் சேருகிறது என்பதில் இரண்டு வழிகள். எழுதிவிட்டு வாடிக்கையாளருக்கு உடனே 'முடிந்தது' என்று சொல்லி, பிரதியைப் பின்னாலேயே அனுப்புவது ஒத்திசையா முறை. துணைச் சர்வர் 'வந்து சேர்ந்தது' என்று சொல்லும்வரை வாடிக்கையாளரைக் காக்க வைப்பது ஒத்திசைவு முறை. முதலாவதில் பிரதானம் திடீரென்று செத்தால் கடைசி சில கணங்களின் எழுத்துகள் போகும். இரண்டாவதில் எதுவும் போகாது, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் தூரத்தின் விலையைக் கட்ட வேண்டும்.

அந்த விலையை இயற்பியல் நிர்ணயிக்கிறது. ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். மும்பைக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரமே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வர 10 மில்லிநொடிக்குக் குறையாது; கேபிள் சுற்றிச் செல்வதால் இன்னும் கூடும். ஒரு பக்கத்தைத் திறக்க அடுத்தடுத்து இருபது எழுத்துகள் நடக்கும் செயலியில் இது பயனருக்கே தெரியும் தாமதம். அதனால்தான் செபி இரண்டு வகைத் தளங்களைக் கேட்கிறது. தரவு துளியும் போகக் கூடாது என்பதற்காக அருகில் ஒன்று. நிலநடுக்கமோ வெள்ளமோ இரண்டையும் சேர்த்து அடிக்கக் கூடாது என்பதற்காக வேறு நில அதிர்வு மண்டலத்திலோ, குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளியோ இன்னொன்று. பக்கத்தில் ஒத்திசைவு, தொலைவில் ஒத்திசையாமை. பெரிய நிறுவனங்கள் பலவும் வந்து சேர்ந்திருக்கும் வடிவம் இதுவே, எனக்கும் இதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஒத்திசைவு முறைக்கு வேறொரு முகமும் உண்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரே ஒரு துணைச் சர்வரை வைத்து ஒத்திசைவைப் போட்டால், அந்தத் துணை விழுந்ததும் பிரதானம் எல்லா எழுத்துகளையும் நிறுத்திக் காத்திருக்கும். காப்பாற்ற வைத்ததே கழுத்தைப் பிடிக்கும். இரண்டு துணைகளை வைத்து 'இவற்றில் ஏதாவது ஒன்று சொன்னால் போதும்' என்று அமைக்கும் வசதி 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒத்திசைவு வேண்டுமென்றால் மூன்று சர்வருக்குக் குறையக் கூடாது.

இனி, எல்லாவற்றிலும் கொடியது. ஒரே கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனி அறையில் உட்கார்ந்து தனித்தனிப் பேரேட்டில் எழுதினால், சாயங்காலம் எந்தப் பேரேடு சரி என்று முதலாளியாலும் சொல்ல முடியாது. கிளஸ்டரில் இதை ஸ்ப்ளிட் பிரெய்ன் என்கிறார்கள். இடையிலுள்ள இணைப்பு அறுந்தால், மறுபக்கம் செத்துவிட்டதா, அல்லது நாம்தான் துண்டிக்கப்பட்டிருக்கிறோமா என்று ஒரு சர்வரால் தானே அறிய முடியாது. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே: மௌனம்.

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் நடந்ததை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதடைந்து வந்த ஆப்டிகல் கருவி ஒன்றை மாற்றினார்கள். அந்த வேலையில் கிழக்குக் கரையின் நெட்வொர்க் மையத்துக்கும் அங்குள்ள முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையே இணைப்பு 43 நொடி அறுந்தது. அந்த நொடிகளுக்குள், கிளஸ்டரை மேற்பார்வையிடும் மென்பொருளின் மற்ற முனைகள் கூடி, கிழக்கு போய்விட்டது என்று முடிவெடுத்து, மேற்குக் கரைச் சர்வர்களைப் பிரதானமாக்கின. மென்பொருள் தன் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில நொடித் தரவு மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலோ அதற்குள் புதிய எழுத்துகள் குவியத் தொடங்கிவிட்டன. இரண்டு பக்கமும் மற்றதிடம் இல்லாத தரவு. அதிகச் சுமையுள்ள கிளஸ்டர் ஒன்றில் அப்படிச் சிக்கிக்கொண்ட எழுத்துகள் 954. கிழக்கிலிருந்த செயலிகளோ ஒவ்வொரு எழுத்துக்கும் நாட்டின் மறுகோடிக்குப் போய்வரத் திணறின. வேகத்தைவிடத் தரவே முக்கியம் என்று பொறியாளர்கள் முடிவெடுத்து, பேக்கப்பிலிருந்து மீட்டு, பிரதிகளை ஒத்திசைத்து, வரிசையில் நின்ற வேலைகளைத் தீர்த்து முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. 43 நொடியில் தானே சரியாகியிருக்கக்கூடிய தடங்கல் அது. பிராந்திய எல்லையைத் தாண்டிப் பிரதானத்தை மாற்றக் கூடாது என்று பிறகு அமைப்பை மாற்றினார்கள்.

மௌனத்தைக் கண்டு முடிவெடுப்பதற்குக் கணினி அறிவியல் தந்த விடை பெரும்பான்மை. லெஸ்லி லாம்போர்ட் 1990இல் எழுதி 1998இல் வெளியான பேக்ஸோஸ் கட்டுரையும், டியாகோ ஒங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் எளிதில் புரிய வேண்டும் என்றே வடிவமைத்து 2014இல் வெளியிட்ட ராஃப்டும் அடிப்படையில் சொல்வது ஒன்றுதான்: பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒப்பினால் மட்டுமே முடிவு. மூன்று முனைகளில் ஒன்று போகலாம். ஐந்தில் இரண்டு போகலாம். நான்கில் போகக்கூடியது ஒன்றே. நான்காவதுக்குச் செலவழித்த பணம் வீண். இரண்டில் எதுவும் போக முடியாது. இரண்டு டேட்டா சென்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பான்மை காண இயலாது. மூன்றாவது இடத்தில் சிறியதாக ஒரு சாட்சி முனையாவது வேண்டும். இந்தச் சாட்சி முனையை முதலிரண்டு தளங்களில் ஒன்றிலேயே நிறுவிவிட்டு 'மூன்று இருக்கிறதே' என்று திருப்திப்படுவது பரவலான தவறு.

இன்று போஸ்ட்கிரெஸுக்குப் பலரும் பயன்படுத்தும் பட்ரோனி இதை எப்படிச் செய்கிறது என்று அருகில் போய்ப் பார்க்கலாம். எட்சிடி என்ற ராஃப்ட் அடிப்படையிலான சிறு சேமிப்பில் 'தலைவர்' என்று ஒரு பதிவு. அதற்கு இயல்பாக 30 நொடி ஆயுள். பிரதானச் சர்வர் பத்து நொடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். எட்சிடியின் பெரும்பான்மையை எட்ட முடியாமல் புதுப்பிக்கத் தவறினால், பிரதானம் தானே எழுத்தை நிறுத்திக்கொண்டு பதவி இறங்கும். ஆயுள் முடிந்த பிறகுதான் துணைகள் போட்டியிடும். அளவுக்கு மீறிப் பின்தங்கிய துணை போட்டிக்கே வர முடியாது. பதவியைப் பிடிக்கும் விதியைவிட, பதவியை விட்டு இறங்கும் விதியில்தான் இதன் பாதுகாப்பு இருக்கிறது.

இறங்க வேண்டியவர் இறங்காமல் உறைந்து நின்றால்? கர்னல் முடங்கி, சில நிமிடம் கழித்து விழித்து, நடந்தது தெரியாமல் பழையபடி எழுதத் தொடங்கும் சர்வர்கள் உண்டு. அதற்குத்தான் ஃபென்சிங்: புதியவரைப் பதவியேற்றும் முன் பழையவரின் மின்சாரத்தையே துண்டிப்பது. பேஸ்மேக்கர் போன்ற லினக்ஸ் கிளஸ்டர்களில் இதற்கு ஸ்டோனித் என்று பெயர். ஃபென்சிங் இல்லாத கிளஸ்டர் அமைக்கிறார்கள் என்றால் அதைக் கிளஸ்டர் என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது. 2012 டிசம்பர் 22 அன்று கிட்ஹப்பின் நெட்வொர்க் தடுமாறியபோது, இரண்டிரண்டாக இணைத்திருந்த கோப்புச் சர்வர்களில் சில ஜோடிகள் ஒன்றையொன்று ஒரே நேரத்தில் அணைத்துவிட்டன. எது கடைசியாகப் பணியில் இருந்தது என்று ஒவ்வொரு ஜோடியின் பதிவுகளையும் மனிதர்கள் உட்கார்ந்து படித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துக்கு மட்டும் சில நொடி தாமதம் வைப்பது இதற்கு எளிய மருந்து. மூன்றாவது முனை வைப்பது முழு மருந்து.

இணைப்பு அறுந்த நேரத்தில் தரவின் ஒருமையையும் சேவையின் தொடர்ச்சியையும் சேர்த்துப் பிடிக்க முடியாது என்று எரிக் புரூவர் 2000இல் சொன்னதை, கில்பர்ட்டும் லிஞ்சும் 2002இல் நிரூபித்தார்கள். எதை விடுவது என்பது பொறியாளர் தனியாக முடிவெடுக்கும் விஷயமாக இருக்கக் கூடாது. வங்கி இருப்பு என்றால் சேவையை நிறுத்தலாம். செய்தித் தளத்தின் விருப்பக் குறிகள் என்றால் சில எண்ணிக்கையை இழக்கலாம். தொழில் நடத்துபவர் இதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதாத இடத்தில், நள்ளிரவில் அழைப்பு எடுத்தவர் தன் பொறுப்பில் முடிவெடுப்பார். அது அவருக்கு இழைக்கும் அநியாயம்.

பழுதுகளுக்கு இடையே தொடர்பு இல்லை என்ற முதல் அனுமானம் இன்னும் பாக்கியிருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் கேபிள் ஒரே சாலையில் போனால் அது ஒரு கேபிள்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீயில் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2022 அக்டோபர் 15 அன்று தென்கொரியாவின் பாங்யோவில் டேட்டா சென்டர் ஒன்று தீப்பிடித்து, சுமார் 32,000 சர்வர்களை அங்கே வைத்திருந்த காக்காவோ நிறுவனத்தின் சேவைகள் முடங்கின. முழுதாகச் சீராக ஐந்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. தரவுக்குப் பிரதி இருந்தும், இயக்குபவர்கள் கையாளும் கருவிகளுக்குப் போதிய பிரதி இல்லாதது மீட்பைத் தாமதப்படுத்திய காரணங்களில் ஒன்று. 2017 பிப்ரவரியில் அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3 நின்றபோது நிலவரம் சொல்லும் பலகையைக் கூட அவர்களால் மாற்ற முடியவில்லை, அதுவும் எஸ்3ஐயே நம்பியிருந்தது. மீட்கப் பயன்படும் எதுவும் மீட்கப்பட வேண்டியதன் மேல் உட்காரக் கூடாது: பாஸ்வேர்டு பெட்டகம், மானிட்டரிங், அலுவலக சாட், செயல்முறைக் குறிப்பு எல்லாமே இதில் அடங்கும்.

பிரதி இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு டேபிளைத் தவறாக அழித்தால் அந்த அழிப்பும் பிரதியாகும், அதுவும் மில்லிநொடிகளில். கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று, பின்தங்கிய துணைச் சர்வரைச் சீராக்க முயன்ற பொறியாளர் அதன் தரவுக் கோப்புறையை அழிக்க நினைத்துப் பிரதானத்தில் அழித்துவிட்டார். சுதாரிப்பதற்குள் 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால் காலியாக இருந்தது. பதிப்புப் பொருந்தாமல் அது நெடுநாளாகத் தோற்றுவந்தது, தோல்வி மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன் ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. எல்லாவற்றையும் அந்த நிறுவனம் ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. அதற்காக இந்தத் துறை அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆக, ஒத்திகை. பங்குச் சந்தை நிகழ்வுக்கு அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது: முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் செயல்பாடு மீள வேண்டும். இதில் முதல் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'இன்னும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையிலேயே மணிக்கணக்கு போவதை ஒரு கடிகாரத்தால் தடுக்கிறார்கள். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சந்தை உண்மைப் பணத்தோடு இரண்டு அமர்வாகத் திறந்தது. காலை 9:15 முதல் 10 வரை முதன்மைத் தளத்திலிருந்து. 11:30 முதல் 12:30 வரை மீட்புத் தளத்திலிருந்து. மே 18 அன்று மறுபடியும். காகிதத்தில் மட்டும் இருந்த ஃபெயில்ஓவர், பொதுமக்கள் முன்னால் நடந்து காட்டப்பட்டது.

நான்கைந்து பேர் கொண்ட குழு இதில் எதை எடுத்துக்கொள்வது? மாதத்துக்கு அரை மணி நேரத் தடங்கலைத் தாங்கக்கூடிய தளம் என்றால், என் பரிந்துரை ஒரு பிரதானம், ஒத்திசையா முறையில் ஒரு துணை, வேறு நிறுவனத்தின் ஸ்டோரேஜில் தொடர்ச்சியான பேக்கப். மாற்றுவதை மனிதரே செய்யட்டும். கட்டளைகள் வரிசையாக எழுதி, இணையம் இல்லாமலும் படிக்கும்படி வைத்திருந்தால் போதும். இரண்டு முனைகளில் தானியங்கி ஃபெயில்ஓவர் வைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். சில நிமிடங்களைக்கூடத் தாங்காத தொழில் என்றால் மூன்று தனி மண்டலங்களில் மூன்று போஸ்ட்கிரெஸ், மூன்று எட்சிடி, முன்னால் இரண்டு எச்ஏபிராக்ஸி, துணைகளில் ஒன்றாவது ஒப்புதல் தரும் ஒத்திசைவு. இரண்டு ஏற்பாட்டிலும் பேக்கப்பிலிருந்து வேறொரு சர்வரில் முழுதாக மீட்டுப் பார்ப்பதை மாதந்தோறும் காலண்டரில் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை நாளில், பகலில், எல்லோரும் விழித்திருக்கும்போது பிரதானத்தை அணைத்துப் பார்க்க வேண்டும்.

ஃபெயில்ஓவர் வெற்றியாக முடிந்த அடுத்த மணி நேரம்தான் பலரும் திட்டமிடாமல் விடுவது. புதிய பிரதானம் ஓடுகிறது, பயனர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அழைப்பில் இருந்தவர் தூங்கப் போய்விடுகிறார். ஆனால் இப்போது கிளஸ்டரில் ஒன்று குறைவு. பழைய பிரதானத்தை எந்த நிலையிலிருந்து பின்னோக்கிச் சுருட்டித் துணையாக்குவது, அது எழுதி அனுப்பாமல் விட்ட பதிவுகளை அழிக்கும் முன் எங்கே எடுத்து வைப்பது, அதை யார் செய்வது என்று எழுதி வைக்க வேண்டும். எண்ணிக்கை பழையபடி நிறையும்வரை அப்கிரேடு, கர்னல் மாற்றம், நெட்வொர்க் வேலை எதையும் தொடக் கூடாது என்பதையும் அதே தாளில் சேர்க்க வேண்டும்.